எதிர்வீட்டுக் கண்ணாடிப் பாத்திரம்

எதிர்வீட்டு ஷெர்லியின் கண்ணாடிப் பாத்திரம் கேஸ் அடுப்பில் ஏறிய இரண்டாவது நிமிஷம் 'டப்' என்றது. அருணாசலவடிவு திரும்பிப் பார்ப்பதற்குள் பாத்திரம் இரண்டு துண்டாகி, உள்ளே இருந்த வெந்நீர் அடுப்பை அணைத்துவிட்டு மேடையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

உடைய வேண்டும் என்று யாராவது அடுப்பில் வைப்பார்களா? பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த பொருக்கு என்ன தேய்த்தும் போகவில்லை. தண்ணீர் ஊற்றிச் சுட வைத்தால் இளகிவிடும் என்று நினைத்தாள். ஓவனுக்குள் கிடந்து வெந்து வந்த பாத்திரம் இந்தச் சூட்டைத் தாங்காதா என்ன என்பது அவள் நியாயம். நியாயமெல்லாம் சரிதான், கண்ணாடிக்குத்தான் அது தெரியவில்லை.

சத்தம் கேட்டு வந்த பாண்டியராஜன் இரண்டு துண்டுகளையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணரைக் கிலோ இருக்கும்ளா" என்றார்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் உள்ள எடைமேடையில் முப்பது வருஷமாக லாரிகளை எடை போடுகிறவர் அவர். நல்லதோ கெட்டதோ, எதுவானாலும் முதலில் கிலோவில்தான் அவருக்குப் புரியும். அன்றைக்கு அவர் மனைவி முகத்தில் இருந்தது எத்தனை டன் என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

விஷயம் இதுதான். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்று மணி போல வீடு திரும்பியபோது, வாசலில் செருப்பு ஸ்டாண்டின் மேல் இந்தப் பாத்திரம் இருந்தது. வெள்ளித்தாள் போட்டு மூடி, தொட்டால் இளஞ்சூடு. திறந்தால், உருளைக்கிழங்கைக் காகிதம் போலச் சீவி அடுக்கி, இடையிடையே பாலாடை மாதிரி எதையோ ஊற்றி, மேலே பொன்னிறமாகப் பொருக்குத் தட்டும் வரை வேக வைத்திருந்தது. யார் வைத்தது என்று சீட்டு எதுவும் இல்லை. சீட்டு எதற்கு? எட்டு வீடுகள் உள்ள அந்த அடுக்குமாடியில், வடிவுக்குத் தெரிந்து ஓவன் வைத்திருப்பது ஷெர்லி ஒருத்திதான்.

அந்த ஷெர்லி இவளோடு பேசி எட்டு மாசம் ஆகியிருந்தது.

சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வடிவு கூழ்வத்தல் போட்டிருந்தாள். பக்கத்திலேயே ஷெர்லி நெத்திலி காயப் போட்டாள். நெத்திலிக்கு வந்த காக்கைகள் வத்தல் மேல் நடந்தே போய் நெத்திலியைத் தின்றன. வத்தலும் போயிற்று, நெத்திலியும் போயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து காக்கையைத் திட்டியிருந்தால் முடிந்திருக்கும் கதை. வடிவு கோபத்தில், அடுக்குமாடியில் எப்படிக் குடியிருக்கணும்னு தெரியாதவிய எல்லாம் வந்து சேர்ந்திருக்காவ என்று சொல்லிவிட்டாள். வத்தலுக்கு வந்த வாழ்வைப் பாரு என்று ஷெர்லியும் விடவில்லை. அன்றைக்குச் சாத்திய கதவுகள்தான். எதிரே தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் இவள் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள். இவள் கதவு திறந்தால் அவள் குப்பைக்கூடையோடு உள்ளே போய்விடுவாள். இரண்டு வீட்டிலும் குப்பை நாறியதுதான் மிச்சம்.

அந்த எட்டு மாசமும் வடிவுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல முடியாது, இறங்கத்தான் செய்தது. ஆனால் மகள் இந்துமதி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு, பகலெல்லாம் பேச்சுத் துணைக்கு அவளுக்கு இருந்தது ஷெர்லி ஒருத்திதான். ஒரு மீன் வாங்கினால் இரண்டு பேரும் சேர்ந்து செவுள் பார்த்து வாங்குவார்கள். இப்போது அவள் வாங்கும் மீனெல்லாம் பழசாகவே அமைந்தது. சொன்ன வார்த்தையை நினைத்துக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் உண்டு. போய்ப் பேசலாம்தான், ஆனால் யார் முதலில் போவது?

இதற்கு நடுவில், கிறிஸ்மஸ் கழிந்ததும் ஷெர்லி வீட்டார் காலி பண்ணப் போகிறார்களாம், வேறு வீடு பார்த்துவிட்டார்களாம் என்று வாட்ச்மேன் அய்யாக்குட்டி வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து எதிர்வீட்டில் எதை நகர்த்தும் சத்தம் கேட்டாலும் வடிவு கதவில் காதை வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் இந்தப் பாத்திரம் வந்தது. பார்த்ததும் வடிவுக்குப் போன உயிர் திரும்பியது.

"பாத்தியளா, அவளே எறங்கி வந்துட்டா" என்று கணவரிடம் இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்வதற்குள் பாண்டியராஜன் பாத்திரத்தில் முக்கால் பாகத்தை முடித்திருந்தார்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். திங்கட்கிழமை காலையில் அதைக் கழுவி, நாலு அதிரசம் வைத்து, எட்டு மாசத்துக்குப் பிறகு ஷெர்லியின் கதவைத் தட்டுவதாக ஏற்பாடு. அதற்குத்தான் அந்தப் பொருக்கைத் தேய்த்தாள்.

உடைந்த துண்டுகளைப் பழைய துணியில் சுற்றிப் பரணில் ஒளித்துவைத்துவிட்டு, அதே போல ஒன்று வாங்கி வரச் சொல்லிக் கணவரை அனுப்பினாள். அவர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு கடை ஏறி இறங்கிச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒன்றை வாங்கி வந்தார். கண்ணாடிதான், நீளவாக்குதான். ஆனால் அதில் ஒரு பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டலாம்.

"அது இம்புட்டுப் பெருசாவா இருந்துச்சு?" என்றாள் வடிவு.

"எடை கூட இருந்தா மரியாததானளா."

அந்தக் குளியல் தொட்டிக்குள் நாலு அதிரசத்தை வைத்துப் பார்த்தாள். உப்பளத்து நடுவில் நாலு பேர் நிற்பது போலத் தெரிந்தது. உடைத்ததும் இல்லாமல், அவள் அவ்வளவு மெனக்கெட்டுச் செய்து அனுப்பியதற்கு இவ்வளவுதானா என்று ஷெர்லி நினைத்துவிட்டால்? வடிவு யோசித்தாள். அதே உருளைக்கிழங்கைச் செய்து, பாத்திரம் நிறையக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தீர்மானித்தாள். அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குச் சனி பிடித்தது.

இந்துமதி போனில் செய்முறை சொன்னாள். கிழங்கைச் சீவணும், க்ரீமில் பூண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சி ஊத்தணும், மேலே சீஸ் தூவி ஓவனில் வைக்கணும். வடிவு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். க்ரீம் வாங்கப் பாண்டியராஜன் போனார். க்ரீம் என்று கேட்டார், கொடுத்தார்கள், எடை சரியாக ஒரு கிலோ இருந்தது, வாங்கி வந்துவிட்டார். கேக்கின் மேல் ரோஜாப்பூ போடுகிற இனிப்பு க்ரீம் அது என்பது, புதன்கிழமை அதில் பூண்டு, மிளகு, ஒரு கிலோ கிழங்கு எல்லாம் வெந்து முடிந்து, வடிவு ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

இனிப்பை அடக்க உப்புப் போட்டாள். உப்பை அடக்க எலுமிச்சம்பழம் பிழிந்தாள். பால் திரிந்தது. திரிந்ததை மறைக்க நாலு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டாள். கடைசியில் பாயசத்துக்குள் ரசம் வைத்தது போல ஒன்று வந்து சேர்ந்தது. பாண்டியராஜன் மட்டும், குறை சொல்லக்கூடாதுல்லா என்று இரண்டு வேளை அதையே சாப்பிட்டார். மூன்றாம் வேளைக்கு எடைமேடையில் வேலை அதிகம் என்று சொல்லி அங்கேயே இருந்துவிட்டார்.

வியாழக்கிழமை புதுப் பாலை வாங்கிச் சுண்டக் காய்ச்சி, ஆடையும் வெண்ணெயும் சேர்த்து, வடிவு தானே க்ரீம் பண்ணினாள். அதை நன்றாகவே பண்ணினாள். ஆனால் ஓவனுக்கு எங்கே போவது? ஷெர்லியிடம் போய், உனக்குக் கொடுக்கத்தான், உன் ஓவனைக் கொஞ்சம் தா என்று கேட்க முடியுமா? அண்டாவில் உப்பைப் பரப்பிச் சூடாக்கி, உள்ளே பாத்திரத்தை வைத்து மூடினால் அதுவே ஓவன்தான், நான் கேக்கெல்லாம் அப்படித்தான் செய்கிறேன் என்றாள் இந்துமதி.

வீட்டில் இருந்த ஒரு பாக்கெட் உப்பு அண்டாவின் அடியை மறைக்கக்கூடக் காணவில்லை. பாண்டியராஜனுக்கு உப்புக்கா பஞ்சம்? தினமும் அவர் எடைமேடையில் ஏறுகிற லாரிகளில் பாதி உப்பு லாரிதான். ஒரு டிரைவரிடம் சொல்லி இரண்டு பக்கெட் கல்லுப்பு கொண்டுவந்து இறக்கினார். அள்ளிய ஈரம்கூடக் காயாத உப்பு.

ஈர உப்பு சூடேறினால் என்ன செய்யும் என்று இந்துமதி சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் அண்டாவுக்குள் பட்டாசு வெடிக்க ஆரம்பித்தது. மூடி துள்ளியது. வடிவு ஒரு அம்மிக்குழவியைத் தூக்கி மூடியின் மேல் வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடிவந்தாள். அரை மணி நேரம் கழித்துச் சத்தம் அடங்கித் திறந்து பார்த்தால், பாத்திரம் முழுசாக இருந்தது. உருளைக்கிழங்கின் மேல் மட்டும் கல்கல்லாக உப்பு பூத்திருந்தது.

"கருவாடா போட்டிருக்க?" என்றார் பாண்டியராஜன், ஒரு வாய் வைத்துவிட்டு.

உப்பு கூடினால் கிழங்கு சேர்ப்பது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தானே. ஒரு கிலோ சேர்த்தாள், போதவில்லை. இன்னொரு கிலோ சேர்த்தாள், பால் போதவில்லை. பால் ஊற்றினாள், பூண்டு போதவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் உப்பு ஒருவழியாக நாக்குக்கு இறங்கி வந்தபோது, கண்ணாடிப் பாத்திரம் தளும்ப நிறைந்து, மிச்சம் குக்கரிலும் இட்லிக் கொப்பரையிலும் இருந்தது. பாண்டியராஜன் எடை எதுவும் சொல்லவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

சமையலறையில் வடிவு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலே பொருக்கு இல்லாமல் அது வெறும் மசித்த கிழங்கு போலத்தான் இருந்தது. இன்னும் பத்தே நாளில் கிறிஸ்மஸ். அது கழிந்தால் எதிர்க்கதவில் பூட்டுத் தொங்கும். அதற்குள் இதைக் கொடுக்காவிட்டால், பாத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டாள் என்றல்லவா ஷெர்லி நினைத்துக்கொண்டு போவாள்? முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்போதுதான் பேக்கரி ஞாபகம் வந்தது.

டிசம்பர் பிறந்தால் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கேக் மாவைக் கலந்து எடுத்துக்கொண்டு சொரிமுத்து அண்ணாச்சி பேக்கரிக்குப் போவார்கள். ரொட்டி எடுத்த பிறகு அவருடைய விறகு அடுப்பில் வைத்துச் சுட்டுத் தருவார். வடிவு போனபோது தட்டுகள் வரிசையில் காத்திருந்தன.

கொண்டுவந்தது கேக் இல்லை, கிழங்கு என்றதும் அண்ணாச்சி யோசித்தார். வடிவு நடந்ததை எல்லாம் கொட்டினாள். பேச்சு நின்றது, பாத்திரம் வந்தது, உடைந்தது, எதையும் விடவில்லை. எட்டு மாசமாகப் பேச ஆள் இல்லாதவள், பேக்கரி வாசலில் முக்கால் மணி நேரம் பேசினாள். அண்ணாச்சி கேட்டுவிட்டு, பாத்திரத்தை அங்கே குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம மத்தியானம் வந்து வாங்கிக்கோ தங்கச்சி. ஷெர்லி வீட்டு கேக்கும் நாளைக்கு இங்கதான் வேவுது."

வருஷா வருஷம் நாற்பது வீட்டுக்குக் கேக் கொடுக்கிறவள், அத்தனையையும் வீட்டு ஓவனில் வைக்க முடியுமா என்று வடிவு அதற்கும் பெருமைப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் வந்தது. வாசனை தெருமுனை வரை அடித்தது. பொன்னிறப் பொருக்கு, ஓரத்தில் குமிழ் குமிழாகப் பால். எல்லாம் அந்தப் போன ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம் மாதிரியே. ஒரே ஒரு வித்தியாசம், நடுவில் வரிசைக்கு ஆறாக முப்பது சிவப்பு செர்ரிப் பழங்கள் பதிந்திருந்தன. கேக் சீசனில் அடுப்புக்குள் போகிற எல்லாத் தட்டிலும் செர்ரி வைத்துக் கைபழகிய அடுப்புக்காரர், இதற்கும் வைத்துவிட்டிருக்கிறார்.

வடிவு வீட்டில் உட்கார்ந்து முப்பதையும் ஊசியால் தோண்டி எடுத்தாள். முப்பது குழி விழுந்தது. குழியெல்லாம் சிவப்பு. குழிக்கு ஒன்றாகக் கொத்தமல்லித் தழையை வைத்து மூடினாள். பாண்டியராஜன் தூரத்தில் நின்று பார்த்து, நாத்து நட்ட வயல் மாதிரி இருக்கு என்றார்.

இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. புதுச் சேலை கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, முழங்கையால் எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

ஷெர்லிதான் திறந்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். வழியெல்லாம், அதாவது அந்த ஆறடி வழியெல்லாம், சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது ஒன்றும் வடிவுக்கு வாயில் வரவில்லை.

"ஒன் பாத்திரம் ஒடைஞ்சிட்டு ஷெர்லி" என்றாள். "அடுப்புல வச்சு நான்தான் ஒடைச்சேன். இது வேற. அன்னைக்கு மாடியில சொன்னதும் தப்புத்தான்."

ஷெர்லி பாத்திரத்தைப் பார்த்தாள். வடிவைப் பார்த்தாள். கொத்தமல்லி வயலைப் பார்த்தாள். அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"போகுது விடுங்கக்கா. அது பழசுதான" என்றாள். "உள்ள வாங்க."

அவ்வளவுதான், வடிவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. பாத்திரத்தைப் பிடித்த கையால் துடைக்கவும் முடியவில்லை. ஷெர்லி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள், பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே ஷெர்லியின் கணவர் ஜெஃப்ரி சாப்பாட்டு மேஜையில் இருந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிற மனிதர், அதிகம் பேசாதவர். பேச ஏதோ வாயைத் திறந்தார், ஷெர்லி அவர் தட்டில் இரண்டு கரண்டி கிழங்கை வைத்தாள், வாய் மூடிக்கொண்டது. எல்லாரும் சாப்பிட்டார்கள். லேசாகச் செர்ரி வாசமும், லேசாக உப்பளத்து வாசமும் வந்தாலும் நன்றாகவே இருந்தது. செர்ரி கதையை வடிவு சொன்னபோது ஷெர்லி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். நீ எப்படிச் செய்தாய் என்று வடிவு கேட்டதற்கு, அது ஒரு கைப்பக்குவம்தான்க்கா என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். தொழில் ரகசியம் போல என்று வடிவும் விட்டுவிட்டாள்.

கிளம்பும்போது கேட்டாள், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காலி பண்ணப் போறியளாமே?"

"இவிய வீடு பாத்து வச்சாவ. எதுத்த கதவு எப்பவும் பூட்டியே கெடந்தா மனுஷி இருப்பாளாக்கா?" என்றாள் ஷெர்லி. "இனி எதுக்குப் போவணும்."

அன்று வடிவு வீட்டுக் கதவு பூட்டப்படவே இல்லை. எதிர்க்கதவும்தான். நடுவில் ஆறடியில் இரண்டு வீட்டுக் குப்பைக்கூடையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. எவ்வளவு ரோஷக்காரி, அவளே முதலில் இறங்கி வந்தாளே, நமக்கு அந்தப் பெரிய மனசு இல்லாமல் போயிற்றே என்று சாப்பாட்டு வேளையெல்லாம் வடிவு சொல்லிக்கொண்டிருந்தாள். பாண்டியராஜன் ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிழங்கு இல்லாத சாப்பாடு அவருக்கு அன்றைக்கு விருந்தாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, திறந்திருந்த கதவை ஒரு பெண் விரலால் தட்டினாள். மூன்றாம் மாடிக்குப் போன மாசம் குடிவந்த பேங்க்காரப் பெண், பெயர் சந்தனச்செல்வி, ஆறுமுகநேரிக்காரி. வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் நின்று, சொல்லத் தயங்கி, தோள் பையின் வாரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, முந்தின ஞாயித்துக்கிழம, குடிவந்ததுக்கு ஏதாவது செஞ்சு குடுப்பமேன்னு, ஒரு கண்ணாடிப் பாத்திரத்துல உருளைக்கிழங்கு வச்சிட்டுப் போனேன். உங்க வீடு பூட்டியிருந்துச்சு. அது எங்கம்மா பாத்திரம், அதான்..."

வடிவு எதிர்க்கதவைப் பார்த்தாள். உள்ளே ஷெர்லி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"உங்கட்ட கேக்கக் கூச்சப்பட்டு, ஷெர்லி ஆன்ட்டிட்ட சனிக்கிழமையே கேட்டேன். பேக்கரியில இருந்து அப்பதான் வந்தாவ. 'வச்சது நீதான்னு அவியட்ட மூச்சு விட்டுராத, ஞாயித்துக்கிழம கழியட்டும், பாத்திரம் நான் வாங்கித் தாரேன்'னாவ" என்றாள் அந்தப் பெண். "ஞாயித்துக்கிழம கழிஞ்சிட்டுல்லா, ஆன்ட்டி?"